நோர்வூட்டுக்கு ஏறிவரும் பழைய கார்கள்: வாங்கிய பின் முதலில் பார்க்க வேண்டியவை

நோர்வூட் நகரிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் ஓடும் கார்களில் புதிதாக வாங்கப்பட்டவை மிகக் குறைவு. கொழும்பிலோ கம்பஹாவிலோ குருநாகலிலோ இரண்டு மூன்று பேரின் கைகளில் ஓடித் தேய்ந்த பிறகுதான் ஒரு வாகனம் அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு ஏறி, டிக்கோயாவைக் கடந்து இங்கு வந்து சேருகிறது. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களை மீண்டும் இறக்குமதி செய்ய 2025 பெப்ரவரியில்தான் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் நாட்டில் இருந்த வாகனங்களே கை மாறி மாறி ஓடின. சாதாரண காலமாக இருந்திருந்தால் உதிரிப்பாகத்துக்குக் கழற்றப்பட்டிருக்கும் கார்கள்கூட நல்ல விலைக்குப் போயின. இறக்குமதி திறந்த பின்னரும் வரி அதிகம் என்பதால், தோட்டப்புறக் குடும்பத்துக்கு எட்டுவது இன்னமும் இலட்சக்கணக்கான கிலோமீற்றர் ஓடிய பழைய கார்தான்.

அந்தக் காரை வாங்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். முப்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற தாயின் சேமலாப நிதி, மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்யும் மகள் அனுப்பிய பணம், கொழும்புக் கடையில் நின்ற மகனின் சேமிப்பு. மீதிக்கு லீசிங். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 இல் 1,350 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் பார்த்தால், எஞ்சினைத் திறக்க வேண்டிய ஒரு பழுது பல மாத உழைப்பை விழுங்கிவிடும். வாகனம் கராஜில் நின்றாலும் லீசிங் தவணை நிற்காது. போருக்குப் பின் ஏ-9 வீதி திறந்ததும் வடக்கில் லீசிங் எடுத்து வேனும் முச்சக்கரவண்டியும் உழவு இயந்திரமும் வாங்கிய குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பழைய கார் வாங்கியவர் இழக்கும் பணத்தில் பெரும்பகுதி, பழுது என்னவென்று அறியாமல் சாமான் மாற்றுவதால் போகிறது. ஒரு கராஜில் பிளக் மாற்றுவார்கள், சரிவராது. அடுத்த கராஜில் சென்சர் மாற்றுவார்கள். மூன்றாவது இடத்தில், உடைந்திருந்தது பத்து அங்குல ரப்பர் குழாய் ஒன்று எனத் தெரியவரும். அதற்குள் கையிருப்பு முடிந்திருக்கும், பிரேக் வேலைக்குக் காசு இருக்காது. மலைப் பாதையில் ஓடும் வாகனத்துக்கு இது மிக ஆபத்தான நிலை. ஆகவே வாங்கிய காருக்குச் செலவழிக்க ஒரு வரிசை வேண்டும்: முதலில் அது நிற்க வேண்டும், அடுத்து அது கொதிக்காமல் இருக்க வேண்டும், இழுவை, சத்தம், பெயின்ற் எல்லாம் அதற்குப் பிறகு.

மீட்டர் சொல்வதும் கார் சொல்வதும்

மீட்டரில் 78,000 என்றிருந்தால் அது 78,000 தான் என நம்ப வேண்டியதில்லை. டிஜிற்றல் மீட்டரின் எண்ணைக் குறைக்கும் கருவி சந்தையில் உண்டு. வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் காரின் மற்ற உறுப்புகளை அவ்வளவு இலகுவாக இளமையாக்க முடியாது. பிரேக் மிதியின் ரப்பர் ஒரு பக்கம் தேய்ந்து வழுக்குகிறதா, டிரைவர் ஆசனத்தின் ஓரம் அமுங்கிக் கிழிந்திருக்கிறதா, ஸ்டியரிங்கின் தோல் பளபளக்கிறதா என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்தது. பத்து வருடப் பழைய கார், மீட்டரில் முப்பதாயிரம், டயர் மட்டும் ஏற்கெனவே இரண்டாவது செட் என்றால் கணக்கு எங்கோ உதைக்கிறது. ஜப்பானில் இருந்து ரீகண்டிஷனாக வந்த வாகனமென்றால் அந்நாட்டு ஏலத் தாளில் அன்றைய கிலோமீற்றர் இருக்கும். அதன் பிரதியைக் கேட்டு வாங்கலாம்.

அதிகம் ஓடியது என்பதே குற்றமல்ல. ஐயாயிரத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றி, ஒரே ஆள் ஓட்டிய ஒன்றரை இலட்சம் கிலோமீற்றர் காரை, கவனிப்பாரற்று ஓடிய எண்பதாயிரம் கிலோமீற்றர் காரைவிட நான் விரும்புவேன். அஞ்ச வேண்டியது வெள்ளத்தில் நின்ற காருக்கு. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் கொழும்புப் புறநகர்களில் எத்தனையோ வாகனங்கள் நீரில் நின்றன. அப்படி நின்றவற்றைக் கழுவி, உலர்த்தி, வாசனை அடித்து விற்பவர்கள் உண்டு. ஆசனப் பட்டியைக் கடைசிவரை வெளியே இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கோடு பெரும்பாலும் அங்கேதான் மிஞ்சியிருக்கும். மேலதிக டயர் வைக்கும் குழியில் துரு, கம்பளத்தின் கீழ் மண், வயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஆகியவையும் அடையாளங்கள். அப்படியான காரில் இன்று ஒரு வயர், நாளை ஒரு சென்சர் என்று பழுது முடிவில்லாமல் வந்துகொண்டேயிருக்கும்.

முதலில் நிற்க வேண்டும்

மார்கழி முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவத்தில் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா வீதியில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வேன்கள் வருகின்றன. வன்னியின் சமதரை வீதியில் மாதக்கணக்கில் ஒரு குறையும் காட்டாத பிரேக், இந்த இறக்கத்தில் பத்தாவது நிமிடத்தில் தன் குணத்தைக் காட்டிவிடும். காரணம் எளிமையானது. சமதரையில் பிரேக் எப்போதாவது வேலை செய்கிறது, இடையில் ஆறிவிடுகிறது. மலையிறக்கத்தில் அது ஆற நேரமே இல்லை.

இங்கு பலருக்குத் தெரியாத விடயம் பிரேக் ஒயிலைப் பற்றியது. அது காற்றிலுள்ள ஈரத்தை மெதுவாக உறிஞ்சும் திரவம். டொட் 3 வகையில் புதிய ஒயிலின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு அது 140 பாகை வரை இறங்கிவிடலாம். டொட் 4 வகைக்கு இந்த அளவுகள் 230, 155. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சில்லுப் பக்கத்துச் சூடு ஒயிலுக்கு ஏறி, அது கொதித்துக் குமிழி விடும். திரவத்தை அழுத்தினால் அழுத்தம் சில்லுக்குப் போகும். குமிழியை அழுத்தினால் குமிழிதான் சுருங்கும். மிதி தரை வரை போகும், வாகனம் நிற்காது. சிறிது நேரம் ஆறவிட்டால் மிதி பழையபடி கெட்டியாகிவிடும். ‘பிரேக்கில் ஒரு குறையும் இல்லை’ என்று கராஜில் சொல்லி அனுப்புவதற்கும் அதுவே காரணம்.

ஆகவே எத்தனை நல்ல கார் வாங்கினாலும், பழைய பிரேக் ஒயிலை முழுமையாக வெளியேற்றிப் புதியது ஊற்றி, நான்கு சில்லிலும் காற்று எடுக்கச் சொல்லுங்கள். பழைய காருக்குச் செய்யும் செலவுகளில் மிகக் குறைந்தவற்றுள் இது ஒன்று, உயிரைக் காப்பதில் முதலாவது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யலாம். அதே நாளில் முன் சில்லுகளின் பேட், பின் சில்லுகளின் லைனிங், சிலிண்டரில் கசிவு ஆகியவற்றைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும். பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுத்தால், கெலிப்பரின் பின் துருவேறி இறுகியிருக்கலாம். கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் பூசினாலே பெரும்பாலும் சரியாகும், புதிய கெலிப்பர் தேவைப்படாது. ஓடி வந்தவுடன் நான்கு சில்லின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாதீர்கள். ஒன்றிலிருந்து மட்டும் அனல் அடித்தால் அந்தச் சில்லில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஹேண்ட் பிரேக்கைச் சமதரையில் சோதிப்பதில் பயனில்லை. லயத்துக்கு ஏறும் பாதையில் ஆட்களோடு நிறுத்திப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கும் பழக்கம் இங்கு இன்னமும் உண்டு. கார்புரேட்டர் காலத்தில் அதில் ஏதோ கொஞ்சம் அர்த்தம் இருந்தது. இன்ஜெக்ஷன் உள்ள காரை கியரில் வைத்து எக்சலேட்டரில் இருந்து காலை எடுத்தால், கணினி பெற்றோலை முற்றாக நிறுத்திவிடும்; சில்லுகளே எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெற்றோல் குடிக்கும். அதாவது நியூட்ரலில் இறங்குபவர் பெற்றோலையும் இழந்து, எஞ்சின் பிடித்துத் தரும் பிரேக்கையும் இழக்கிறார். ஏறுவதற்கு எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குவது பழைய லொறி டிரைவர்களின் கணக்கு; இன்றைக்கும் பிழைக்காத கணக்கு அது. ஹைபிரிட் கார்களில் ‘பீ’ என்ற எழுத்துள்ள நிலை இதற்காகவே இருக்கிறது. பலர் அதைத் தொட்டே பார்ப்பதில்லை.

குளிரூரில் கொதிக்கும் எஞ்சின்

நோர்வூட்டில் காலையில் சுவெட்டர் போட வேண்டியிருக்கிறது, இங்கே எஞ்சின் எப்படிக் கொதிக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. கித்துல்கலவில் இருந்து ஹட்டனுக்கு ஒரு கார் ஏறத்தாழ ஆயிரம் மீற்றருக்கு மேல் ஏறுகிறது. இரண்டாம் கியர், ஐந்து பேர், பின்னால் அரிசி மூடை. எஞ்சின் முழுப் பலத்தோடு உழைக்கிறது, காரின் வேகமோ குறைவு. வேகம் குறைந்தால் ரேடியேட்டருக்குள் காற்றுப் புகாது. அப்போது எஞ்சினைக் காப்பாற்ற வேண்டியது மின்விசிறி ஒன்றுதான். கொழும்பில் மூன்று கிலோமீற்றர் ஓட்டிப் பார்த்து வாங்கிய காரில் இந்தக் குறை தெரியவே தெரியாது.

ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 பாகையில் அல்ல, 96 பாகை அளவிலேயே கொதித்துவிடும். காரில் அப்படி நடக்காமல் காப்பது ரேடியேட்டர் மூடி. அது உள்ளே ஏறத்தாழ ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்து, கொதிநிலையை 120 பாகைக்கு அண்மையில் கொண்டுபோகிறது. மூடியின் ரப்பர் காய்ந்து, ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் பொங்கி வெளியேறும். கார் கொதிக்கிறது என்றதும் ரேடியேட்டரை மாற்றச் சொல்லும் முன், அந்தச் சிறிய மூடியை மாற்றிப் பார்ப்பது மலிவான சோதனை. சூடாக இருக்கும்போது மட்டும் அதைத் திறக்கவே கூடாது, முகத்தில் அடிக்கும்.

அடுத்தது பீலித் தண்ணீர். வழியில் கொதித்தால் பக்கத்துப் பீலியில் போத்தலை நிரப்பி ஊற்றுவதுதான் நம் வழக்கம். அவசரத்துக்கு அது சரி. ஆனால் அதுவே பழக்கமானால் உள்ளே துருவும் மண்டியும் சேர்ந்து, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் அடைபடும். கூலன்ட் என்பது வெறும் பச்சைத் தண்ணீரல்ல, அதில் துருவைத் தடுக்கும் மருந்து இருக்கிறது. வாங்கிய காரில் ரேடியேட்டர் தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தால், முன்னைய உரிமையாளர் காரைப் பார்த்த விதம் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

தேமோஸ்டட் எனும் சிறு வால்வு பற்றி ஒரு குறை சொல்லியாக வேண்டும். கொதிக்கிற காருக்கு அதைக் கழற்றி எறிவது நம் நாட்டுக் கராஜ்களில் ஒரு வைத்தியமாகவே இருக்கிறது. தாழ்நிலத்தில் அதன் தீமை உடனே தெரியாமல் போகலாம். நோர்வூட் குளிரில் அது இல்லாத எஞ்சின் தேவையான சூட்டை எட்டவே நெடுநேரம் எடுக்கும். எஞ்சின் குளிராக இருக்கிறது என்று நினைத்துக் கணினி அதிக பெற்றோலை அனுப்பும். ஒயிலில் ஈரம் தங்கி, களி போல் படியும். ‘இந்தக் கார் பெற்றோல் குடிக்கிறது’ என்று குறைப்படுபவர் முதலில் சூட்டு முள் எவ்வளவு நேரத்தில் நடுவுக்கு வருகிறது என்று பார்க்கட்டும். கால் மணி நேரம் ஓடியும் முள் கீழேயே கிடந்தால், இன்ஜெக்டர் கழுவுவதற்குக் கொடுக்கும் காசில் ஒரு தேமோஸ்டட் வாங்கலாம்.

எல்லோரும் அஞ்சுவது ஹெட் கஸ்கட் எரிந்திருப்பதற்கு. ஒருமுறையேனும் கடுமையாகக் கொதித்த எஞ்சினில் அது நடந்திருக்கக்கூடும். விற்பவர் சொல்ல மாட்டார். வெளியே கசிவே இல்லாமல் தண்ணீர் நாளாந்தம் குறைவது, எஞ்சின் குளிராக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் தொடர்ந்து குமிழி வருவது, ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே மேல் ரப்பர்க் குழாய் கல் போல் இறுகுவது ஆகியவை அதன் அடையாளங்கள். ஒயில் மூடியின் உட்புறத்தில் பால் நிறப் படிவு இருந்தாலும் சந்தேகிக்கலாம். ஆனால் குளிரூரில் குறுந்தூரம் மட்டுமே ஓடும் காரில் ஈரத்தினால் மூடியில் கொஞ்சம் அப்படிப் படிவதுண்டு. ஒயில் பார்க்கும் கம்பியிலும் பால் நிறம் தெரிந்தால்தான் பயப்பட வேண்டும். உறுதிப்படுத்த ஒரு நீலத் திரவச் சோதனை இருக்கிறது. ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை அதற்குள் இழுத்தால், எரிந்த வாயு கலந்திருக்கும் பட்சத்தில் நீலம் மஞ்சளாகும். எஞ்சினைத் திறக்கச் சொல்லும் எந்த மெக்கானிக்கிடமும் முதலில் இந்தச் சோதனையைக் கேளுங்கள். திறப்பது என்று முடிவானால் ஹெட்டைச் சமன் பார்த்து, வளைந்திருந்தால் தேய்க்காமல் திரும்பப் பூட்ட விடாதீர்கள். அதைத் தவிர்த்தால் சில மாதங்களில் அதே வேலை, அதே செலவு மீண்டும் வரும்.

புகை, இழுவை, மஞ்சள் விளக்கு

கொழும்பில் நன்றாக இழுத்த கார் இங்கு வந்ததும் சோம்பிவிட்டது என்பது நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. அதில் ஒரு பகுதி பழுதே அல்ல. இந்த உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். 660 சீசீ அல்லது 800 சீசீ காரில் அந்தப் பத்தில் ஒன்று நன்றாகவே உறைக்கும். இது தெரியாமல் பிளக், கொயில், பெற்றோல் பம்ப் என்று மாற்றிக்கொண்டே போனவர்கள் இருக்கிறார்கள். காற்று பில்டரை மாற்றி, பிரேக் எங்கும் பிடிக்கவில்லை என்று உறுதிசெய்து, அதன் பிறகும் மற்ற ஒத்த கார்களைவிடக் குறைவாக இழுத்தால் மட்டும் தேடலாம்.

புகையைப் படிக்க இந்த மலைகள் நல்ல பள்ளிக்கூடம். தைமாதக் காலையில் நோர்வூட்டில் எந்தக் காரின் சைலன்சரும் வெள்ளையாக ஆவி விடும், சூடானதும் மறைந்துவிடும். சூடான பிறகும் வெள்ளைப் புகை தொடர்ந்தால் அது கூலன்ட். கறுப்பு என்றால் பெற்றோலோ டீசலோ அளவுக்கு மிஞ்சிப் போகிறது. நீலம் என்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது. அந்த நீலம் எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். ஏற்றத்தில் மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கக்கூடும், அது பெரிய வேலை. நீண்ட இறக்கத்தில் எஞ்சின் பிடிப்பில் வந்து, கீழே சமதரையில் எக்சலேட்டரை மிதித்த கணத்தில் ஒரு பொட்டலமாக வந்து மறைந்தால் வால்வு சீல். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வருவதும் அதுவே. ரிங் வேலையோடு ஒப்பிட்டால் சீல் மாற்றுவது சிறு செலவு. இரண்டையும் பிரித்தறிய கொம்பிரஷன் சோதனை உண்டு. அழுத்தம் குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மீண்டும் அளந்தால், அழுத்தம் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வுப் பக்கம். சில விற்பனையாளர்கள் புகையும் சத்தமும் அடங்கக் கெட்டியான ஒயிலை ஊற்றி வைப்பார்கள். வாங்கிய முதல் வாரத்திலேயே ஒயிலையும் பில்டரையும் மாற்றி, உரிய தரத்தை ஊற்றினால் எஞ்சினின் உண்மைக் குரல் கேட்கும்.

மஞ்சள் நிற எஞ்சின் விளக்கைப் பொறுத்தவரை, எரிவதைவிட எரியாமல் இருப்பது அதிக சந்தேகத்துக்குரியது. திறப்பைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் வைத்தால் அந்த விளக்கு எரிய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ அதைக் கழற்றியிருக்கிறார்கள். விற்பதற்கு முதல் நாள் ஸ்கேனரால் பழைய குறியீடுகளை அழிப்பதும் உண்டு. அப்படி அழித்தால் காரின் கணினி செய்யும் உட்சோதனைகள் ‘முடியவில்லை’ என்று காட்டும். கைத்தொலைபேசியோடு இணையும் சிறிய ஸ்கேனரில்கூட அதைப் பார்க்கலாம்.

ஸ்கேனர் ஒரு குறியீட்டைக் காட்டினால் அது தீர்ப்பு அல்ல, முகவரி மட்டும். பி0171 என்றால் எஞ்சினுக்குள் பெற்றோலைவிடக் காற்று அதிகம் என்று பொருள். ஒக்சிஜன் சென்சரை மாற்று என்று அது சொல்லவில்லை. வெடித்த ரப்பர்க் குழாய் வழியே காற்றுப் புகுந்தாலும் அதே குறியீடுதான் வரும். பி0301 என்றால் முதல் சிலிண்டர் எரியவில்லை. அங்குள்ள கொயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டுங்கள். குறியீடு பி0302 ஆக மாறினால் கொயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கொம்பிரஷன் என்று அடுத்ததைத் தேடலாம். பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பிச் சாமான் எடுப்பதற்கு முன் செய்யக்கூடிய, ஒரு சதமும் செலவில்லாத சோதனை இது.

ஸ்கேனரே இல்லாமல் பழுது கண்ட ஒரு காலமும் நமக்கு இருந்தது. 1990 இல் போர் மீண்டும் மூண்டு பெற்றோல் தடைப்பட்ட பிறகு, யாழ்ப்பாணத்தில் ஒஸ்டின், மொரிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்களில் அந்தப் புகை மணத்தை மறக்காதவர்கள் இருப்பார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதால், சில துளி பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை மெலியச் செய்யும். அதைக் கம்பியில் தொட்டு விரலிடையே தேய்த்தே கண்டுபிடித்தார்கள். காற்று, எரிபொருள், பொறி, அழுத்தம் என்ற நான்கில் எது இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருவதுதான் அவர்களின் முறை. இன்றைய கணினிக் காரிலும் அந்த நான்கைத் தாண்டி ஐந்தாவது ஒன்று வந்துவிடவில்லை.

கீழ்ப்பகுதியும் ஹைபிரிட்டும்

தோட்டப் பாதைகள் காரின் அடிப்பகுதியை எப்படித் தின்னும் என்பதை விளக்க வேண்டியதில்லை. முன் சில்லை ஜாக்கில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வரும் ஆட்டம் பெரும்பாலும் போல் ஜொயின்ட் அல்லது பெயரிங். பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் வருவது ஸ்டியரிங் கம்பியின் முனை. கொண்டை ஊசி வளைவில் முழுவதும் ஒடிக்கும்போது ‘டிக் டிக்’ என்றால் அக்சில் ஜொயின்ட். அதன் ரப்பர் உறை கிழிந்த உடனேயே மாற்றியிருந்தால் ஜொயின்ட் பிழைத்திருக்கும். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினென்றால், எப்போது மாற்றியது என்பதற்கு எழுத்தில் சான்று இல்லாவிட்டால் மாற்றிவிடுங்கள். அது அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி, கார் அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் பெரிய பற்றரிக்குக் காற்று இழுக்கும் துவாரம் பின் ஆசனத்தின் பக்கத்தில் இருக்கும். குளிருக்கு விரித்த கம்பளியும் சாமான் பைகளும் அதை மூடிவிடுவதை இங்கு அடிக்கடி காணலாம். அதனுள் தூசு அடைத்தாலும் பற்றரி சூடாகிச் சாகும். பழுதான ஒரு பகுதியை மட்டும் மாற்றித் தருவது விலை குறைவுதான். ஆனால் மீதமுள்ள பகுதிகளும் அதே வயதானவை, சில மாதங்களில் அடுத்தது போகும். வாங்கும்போதே ஒவ்வொரு பகுதியின் அழுத்தத்தையும் ஸ்கேனரில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். உயர் வோல்ற்றில் ஓடும் அந்த வயர்களில் பழக்கமில்லாதவர் கை வைக்கவே கூடாது. ஹொண்டா ஃபிட் ஜீ.பி.5 பற்றியும் ஒரு வரி: 2013 இல் ஜப்பானில் வெளிவந்த அந்தக் கார் கியர், ஹைபிரிட் கட்டுப்பாட்டுத் திருத்தங்களுக்காக ஒரு வருடத்துக்குள் பல தடவை திருப்பி அழைக்கப்பட்டது. அதன் இரட்டைக் கிளச், ஏற்றத்தில் ஊர்ந்து ஊர்ந்து போகும் நெரிசலில் சூடாகும். ஏற்றத்தில் எக்சலேட்டரால் காரைப் பிடித்து நிறுத்தும் பழக்கம் உள்ளவர் அதை வாங்காமலிருப்பது நல்லது.

இவ்வளவும் செய்தபின் ஒரு சோதனை ஓட்டம் மிச்சமிருக்கிறது. காலையில் நோர்வூட்டில் இருந்து ஆட்களோடு புறப்பட்டு ஹட்டன் வழியாகக் கினிகத்தேனை வரை இறங்கி, அரை மணி நேரம் நிறுத்திவிட்டுத் திரும்ப ஏறுங்கள். இறங்கும்போது பிரேக் மிதியின் உயரம் மாறுகிறதா, ஏறும்போது சூட்டு முள் நடுவைத் தாண்டுகிறதா, மின்விசிறி உரிய நேரத்தில் சுற்றுகிறதா என்று பாருங்கள். முள் ஏறினால் ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகப் போட்டு, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டுங்கள். ‘இன்னும் கொஞ்சத் தூரம்தானே’ என்று ஓட்டாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் மூடியைத் திறக்க வேண்டாம். மறுநாள் விடிய, எஞ்சின் முற்றாகக் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் தண்ணீரையும் ஒயில் அளவையும் பார்த்து ஒரு கொப்பியில் திகதியோடு எழுதிவையுங்கள். ஒரு வாரம் கழித்து அதே ஓட்டம், அதே அளவு. தண்ணீர் குறைந்திருந்தால் அந்தக் கொப்பியோடு கராஜுக்குப் போங்கள்.